அணைந்தெழு படலம்: விளையாட்டுக் கணினியின் திடீர் மறைவும் உடனடி மறுபிறப்பும்

ஓடிக்கொண்டிருக்கும் கணினி, ஆட்டத்தின் உச்சத்தில், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அணைந்து, சில நொடிகளில் ஒன்றுமே நடவாததுபோல் தானே எழுந்து பாஸ்வேர்டு கேட்குமாயின், அதனை 'அணைந்தெழுதல்' என்க. அணைந்து எழாதது வேறு. உறைந்து நிற்பது வேறு. நீலத்திரை காட்டி வருத்தம் தெரிவித்துவிட்டு அணைவது முற்றிலும் வேறு. இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி 'கம்ப்யூட்டர் ஆஃப் ஆகுது' என்று சொல்லிவிடுவதே இத்துறையின் பெருங்குறை. அக்குறையை நீக்கும் பணிவான நோக்கத்தோடு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலம், சென்னையில் என் அண்ணன் வீட்டு மூன்றாம் மாடியில், அவர் மகனின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே வீற்றிருப்பது. பையன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. மூலத்தின் உறுப்புகள்: ரைசன் 5 5600 பிராசஸர், 16 ஜிபி ரேம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு. இக்கார்டு மாணவர் கைக்கு எட்டிய வரலாறு தனி. 2022 செப்டம்பரில் எதீரியம் என்னும் கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், கார்டுகளை அடுக்கி வைத்து நாணயம் தோண்டியவர்களெல்லாம் அவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் மின்சாரம் ஊட்டும் எஸ்எம்பிஎஸ் பற்றிப் பையன் கொடுத்த பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. இம்மௌனத்தை வாசகர் மனத்தில் கொள்க.

ஆய்வு நெறிக்குப் பவணந்தி முனிவரே துணை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் செய்த நன்னூல், ஓர் ஆசிரியன் பிறர் கருத்துகளை எப்படியெல்லாம் கையாளலாம் என்று எழுவகை மதம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், முதலில் ஒப்புக்கொண்டு பிறகு தள்ளலாம். இம்மூன்றாவதே குடும்பத்துக்குள் நடக்கும் ஆய்வுக்கு உகந்தது என்பது அனுபவத்தால் துணியப்பட்டது.

முன்னோர் கொள்கைகளுள் காலத்தால் முந்தியது திருஷ்டிக் கொள்கை. இதன் ஆசிரியர் பையனின் பாட்டி. எதிர்வீட்டுப் பையன் வந்து கலர் கலராக ஒளிரும் விசிறிகளை வாய்பிளந்து பார்த்துவிட்டுப் போன அன்றே இது தொடங்கியது என்பது அவர் காட்டும் சான்று. சென்ற ஆயுத பூஜையன்று கேபினெட்டின் கண்ணாடியில் மூன்று விரலால் விபூதி இழுத்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாம்பிராணியை முன்பக்க விசிறிகளுக்கு நேரே காட்டியிருக்கிறார்கள். கணினி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. புகை முழுவதையும் அது உள்ளே இழுத்துக்கொண்டதைப் பாட்டி, "சாமி ஏத்துக்கிச்சு" என்று விளக்கினார். முன்பக்க வலையைக் கழற்றியபோது, தடித்துப் படிந்திருந்த தூசியில் சாம்பிராணி வாசம் இன்னும் இருந்தது. இது 'மற்றொன்று விரித்தல்' என்னும் நூற்குற்றத்தின்பாற்படும் என்பதை அறிவேன். சான்றின் மணம் கருதிப் பொறுத்தருள்க.

அடுத்தது அண்ணியாரின் ஓய்வுக் கொள்கை. "தம்பி, நீங்களாவது அவன்கிட்ட சொல்லுங்க. ராத்திரி பூரா ஆடினா மிஷினுக்கும் ரெஸ்ட் வேணாமா?" இக்கூற்றின் உள்ளே ஒரு மெய்யான அறிவியல் ஒளிந்திருக்கிறது: சூடு. ஆனால் இன்றைய சிப்புகள் சூட்டில் சட்டென்று சாவதில்லை. 5600-க்கு மேல்வரம்பு 90 டிகிரி. அதை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டும், கார்டும் அப்படியே. அதையும் மீறிக் கொதித்தால் தற்காப்புக்காக அணையும், ஆனால் அணைந்தபடியே கிடக்கும். நம் மூலமோ நொண்டவில்லை. அணைந்தபடி கிடக்கவும் இல்லை. கல்லூரி விட்டு வந்து ஆன் செய்து, உடல் சூடேறும் முன்பே, சைபர்பங்க் 2077-இன் முதல் தெருவில் கார் திரும்பும்போது போய்விட்டது. வேலரன்ட் ஆடினால் விடிய விடிய ஒன்றும் ஆவதில்லை. ஆகவே அண்ணியார் கொள்கை ஏற்றுக் களையப்பட்டது. வலை மட்டும் கழுவப்பட்டது.

அண்ணனுடையது மின்வாரியக் கொள்கை. அவர் கையில் டெஸ்டர் இல்லாமல் மின்சாரம் பற்றிப் பேசமாட்டார். கீழே மோட்டார் போட்டால் ட்யூப்லைட் மங்குகிறது, எனவே லோ வோல்டேஜ்தான் காரணம் என்பார். மறுப்பு எஸ்எம்பிஎஸ்ஸின் நெற்றியிலேயே ஒட்டியிருக்கிறது: 100 முதல் 240 வோல்ட் வரை. வோல்டேஜ் குறைவதை அது பொருட்படுத்தாது, அறுபடுவதைத்தான் பொறுக்காது. கரண்ட் முழுதாக நின்றால், நல்ல எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு 16 மில்லி வினாடி போலத் தாக்குப்பிடிக்கும். யூபிஎஸ் அதற்குள் கைகொடுக்க வேண்டும். வீட்டில் இருந்த 600 விஏ யூபிஎஸ் தரக்கூடியது 360 வாட்டே. இந்தக் கணினியின் பசிக்கு அது போதாது. எனவே அண்ணன் சந்தேகம் அடியோடு பிழையன்று. ஆயினும் யூபிஎஸ்ஸைக் கழற்றிச் சுவரில் நேராகச் செருகியபோதும், மோட்டார் ஓடாத நள்ளிரவிலும், மின்விசிறி ஒரு சுற்றும் தப்பாமல் சுற்றிக்கொண்டிருக்கையிலும் அணைந்தெழுதல் நிகழ்ந்தது. அண்ணன், "அப்ப எர்த் சரியில்ல" என்று அடுத்த நூலுக்குப் போய்விட்டார்.

சர்வீஸ்காரர் கொள்கைக்கு ஒரே நூற்பா: "ஃபார்மெட் போட்டுப் பாத்துடலாம் சார்." ரேம் கொள்கை கல்லூரி நண்பர்களுடையது. எக்ஸ்எம்பி என்பதே ரேமை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் ஏற்பாடு என்பதால் இதற்குக் கொஞ்சம் மதிப்புண்டு. எக்ஸ்எம்பியை அணைத்தும், மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டும் பார்த்தாயிற்று. ரேம் குற்றமற்றது. ஃபார்மெட் போட்டதில் பையனின் செமஸ்டர் பிராஜெக்ட் போயிற்று, அணைந்தெழுதல் போகவில்லை.

இனி எழுத்துச் சான்று. விண்டோஸ் தன் நாட்குறிப்பை ஈவன்ட் வியூவரில் எழுதுகிறது. அணைந்தெழுந்த ஒவ்வொரு முறையும் அங்கே சிவப்புக் குறியோடு 'கர்னல்-பவர் 41' என்றொரு பதிவு. அதன் சாரம்: முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் கணினி மீண்டும் தொடங்கிவிட்டது. இறப்புச் சான்றிதழில் 'உயிர் பிரிந்தமையால் மரணம்' என்று எழுதிக் கொடுத்ததற்கு இது ஒப்பாகும். நூற்குற்றம் பத்தில் குன்றக் கூறல், கூறியது கூறல் இரண்டும் இங்கே ஒருங்கே அமைந்தன. 41-ஐக் கண்டதும் காரணமே கிடைத்துவிட்டதாகத் துள்ளுவோர் உளர். அது விளைவின் பெயர்.

ஆனால் அதே பதிவின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியை விரித்தால் 'பக்செக் கோடு' என்றொரு வரி வரும். அங்கே 0 இருந்தால், விண்டோஸுக்குத் தான் சாவதை எழுதிவைக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்பது பெரும்பாலும் பொருள். இதை உறுதி செய்ய, ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்னும் டிக்கை எடுத்துவிட வேண்டும். அந்த டிக் இருக்கும்வரை, நீலத்திரை வந்தாலும் கண்ணிமைக்கும் முன் மறைந்து ரீஸ்டார்ட் ஆகிவிடும். நீலத்திரை மரணமும் அணைந்தெழுதலாக வேடமிட்டு வரும். டிக்கை எடுத்தோம். நீலத்திரை வரவில்லை. கணினி முன்போலவே போய்விட்டு வந்தது. எனவே குற்றவாளி மென்பொருள் அன்று, மின்சாரம் போகும் வழியில் இருக்கிறான் என்பது போதரும்.

இவ்விடத்தில்தான் பட்டியலில் விடுபட்டவர் நினைவுக்கு வருகிறார். கேபினெட்டின் அடியில், இருட்டில், விளக்கும் அலங்காரமும் இல்லாமல் இருந்தது 550 வாட் எஸ்எம்பிஎஸ். பழைய சிறிய கார்டு இருந்த காலத்தில் கேபினெட்டோடு சேர்ந்தே வந்தது. பையனின் தடை கூர்மையானது: "சித்தப்பா, கார்டு 320 வாட். பிராசஸர் அதிகபட்சம் 76. மத்ததெல்லாம் சேர்த்தாலும் 450 தாண்டாது. 550 இருக்கே?"

விடை: 320 என்பது சராசரி. விளையாட்டில் ஒரு காட்சி மாறும் கணத்தில், ஒரு மில்லி வினாடிக்கும் குறைந்த நேரத்துக்கு, இந்தத் தலைமுறைக் கார்டுகள் அந்த அளவை வெகுவாகத் தாண்டித் துள்ளும். வாட் மீட்டரின் முள் அசைவதற்குள் துள்ளல் முடிந்துவிடும். எஸ்எம்பிஎஸ் மட்டும் அதைக் கண்டுகொள்ளும். 12 வோல்ட் கம்பியில் 5 விழுக்காடு ஏற்ற இறக்கமே அனுமதி, அதாவது கீழே 11.4 வரை. அதற்கும் கீழே சரிந்து, மதர்போர்டுக்கு 'எல்லாம் நலம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் 'பவர் குட்' சமிக்ஞை நின்றால், மதர்போர்டு அந்த நொடியே எல்லாவற்றையும் நிறுத்தும். மின்சாரம் தெளிந்ததும் மீண்டும் எழும். அணைந்தெழுதலின் இலக்கணம் இதுவே. துள்ளல் இன்னும் பெரிதாகி எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று குறுக்கே விழுந்திருந்தால், பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போடும்வரை பெரும்பாலும் எழவே எழாது. இந்தத் துள்ளலைக் கருதித்தான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், பெரிய எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவைப்போல் இருமடங்கை 100 மைக்ரோ வினாடி தாங்க வேண்டும் என்று விதித்தது. 3080-க்குக் குறைந்தது 750 வாட் வேண்டும் என்று என்விடியாவும் தன் குறிப்பில் சொல்லியிருக்கிறது. குறிப்பைப் படிப்பவர் யார்?

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. கார்டின் இரண்டு 8 பின் வாய்களுக்கும் ஒரே கேபிளின் இரட்டைத் தலையைச் செருகியிருந்தார்கள். வாய் ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. இரண்டின் சுமையும் ஒரே கம்பியில்.

நிறுவும் சோதனைக்குச் செலவில்லை. ஆஃப்டர்பர்னர் என்னும் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 விழுக்காட்டுக்கு இறக்கி, ஃப்ரேமை 60-க்குக் கட்டி ஆடச் சொன்னேன். கார் திரும்பியது, மழை பெய்தது, துப்பாக்கி வெடித்தது, கணினி அணையவில்லை. பிறகு நண்பனிடம் கடன் வாங்கிய 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, இரு வாய்க்கும் தனித்தனிக் கேபிள் கொடுத்து, கட்டுகளை அவிழ்த்துவிட்டோம். அப்போதும் அணையவில்லை. முடிபு துணியப்பட்டது. இதற்கிடையில் பாட்டி கேபினெட் மேல் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருந்ததால், வீட்டில் முடிபு இரண்டாக வழங்குகிறது.

உங்கள் வீட்டுக் கணினியும் அணைந்தெழுமாயின், டிக்கை எடுத்துப் பாருங்கள், பவர் லிமிட்டை இறக்கிப் பாருங்கள், கேபினெட்டின் ரீசெட் பட்டன் சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று அதன் ஒயரையும் மதர்போர்டிலிருந்து கழற்றிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் திறக்காதீர்கள், டெஸ்டரோடு நிற்கும் அண்ணன்மாரையும் திறக்க விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.