விளக்கு இல்லாத ஃபேன்

போன சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: விளக்கு எரியாத ஃபேன். 120 மில்லிமீட்டர், கறுப்பு நிறம், சுற்றினால் போதும். கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லைட் இல்லாதது இப்பல்லாம் வர்றதில்ல சார்" என்றான். கல்லாவில் இருந்த முதலாளி, "சாருக்கு அந்த ரெயின்போ மாடலைக் காட்டுடா" என்றார். வேண்டாம் என்றேன். இன்னும் பிரகாசமாக ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார்.

கோபம் இன்னும் ஆறவில்லை. கம்ப்யூட்டருக்கு நானே கேபினெட் செய்த கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதனால் ப்ராசஸரின் சூடு எத்தனை டிகிரி இறங்கியது என்பதையும் கட்டாயம் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த விளக்குச் சமாச்சாரத்தை ஒரு கை பார்த்துவிட வேண்டும்.

ஃபேனின் வேலை காற்றைத் தள்ளுவது. இருட்டில் தள்ளினாலும் அதே காற்றுதான். நம் வீட்டில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? மேஜைக்கு அடியில், பழைய பேப்பர் கட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில், சுவரைப் பார்த்துக்கொண்டு. அங்கே போய் 1 கோடியே 67 லட்சம் நிறங்களில் எரியுமாம். டப்பாவில் போட்டிருக்கிறது. சிவப்புக்கு 256 படி, பச்சைக்கு 256, நீலத்துக்கு 256. பெருக்கிப் பார்த்தேன், கணக்கு சரிதான். எனக்குப் பெயர் தெரிந்த நிறங்கள் ஏழெட்டு. புடவைக் கடையே கதியென்று கிடக்கும் என் மனைவிக்கு மாம்பழ மஞ்சள், எம்.எஸ். நீலம் எல்லாம் சேர்த்து ஒரு நாற்பது தெரியும். மீதியெல்லாம் யாருக்கு? மேஜைக்கடியில் நடமாடும் கரப்பான்பூச்சிக்கா?

"லைட் வயரைச் செருகாமல் விட வேண்டியதுதானே?" என்பீர்கள். விவரமானவர்கள். நல்ல ஃபேனில் சுற்றுவதற்கு நாலு முள் வயர், எரிவதற்கு மூணு முள் வயர் என்று தனித்தனியே வரும். ஒன்றைச் சுருட்டி ஒதுக்கிவிடலாம். எனக்குக் கட்டுப்படியாகிற விலையில் இரண்டும் ஒரே ஆறு முள் செருகியில் வருகின்றன. அந்தச் செருகியை மதர்போர்டு ஏற்காது. அதற்கென்று ஒரு ஹப். ஹப்புக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு சாட்டா வயர். ஹப்பை ஒட்ட டபுள் டேப். ஹப்பை ஆட்டிவைக்க ஒரு ரிமோட். ரிமோட்டுக்கு ஒரு பட்டன் செல். அதில் நிறத்துக்கு, வேகத்துக்கு, மங்கி மங்கி எரிவதற்கு என்று வகைவகையான பொத்தான்கள். அணைப்பதற்கும் ஒன்று இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கரண்ட் போய் வந்தால் ஹப்புக்கு எல்லாம் மறந்துவிடும். வானவில்லில் இருந்து மறுபடி ஆரம்பிக்கும். எங்கள் ஏரியாவில் கரண்ட் போகாத நாளை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

இதைவிட விலை கூடின ரகத்தில் ரிமோட் கிடையாது, சாஃப்ட்வேர். சில நூறு எம்.பி. விளக்கை அணைத்து வைத்திருப்பதற்காக அது நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எதில் ஓடும்? ப்ராசஸரில். ஓடினால் என்ன ஆகும்? சூடாகும். சூட்டைத் தணிக்க என்ன வேண்டும்? ஃபேன். ஃபேனில் என்ன இருக்கும்? வேண்டாம், பிபி ஏறுகிறது.

சில மதர்போர்டுகளில் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் விளக்கு அணையாது. பயாஸுக்குள் போய் எங்கேயோ ஒளிந்திருக்கிற ஒரு வரியைத் தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும். நடு ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்த என் மாமியார், மேஜைக்கடியில் ஊதா வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நேராகப் பூஜை அறைக்குப் போய் விபூதி எடுத்து வந்தார். ரேமில் விளக்கு. கிராபிக்ஸ் கார்டில் விளக்கு. தண்ணீர்க் கூலர் வாங்கினால் பம்பின் தலையில் ஒரு குட்டித் திரை. அதில் குலதெய்வத்தின் படத்தைப் போட்டுக்கொள்ளலாம். மவுஸ் பேடில் விளக்கு. மவுஸ் பேட் என்பது ஒரு துணி, ஐயா!

விளக்கு என்று வந்துவிட்டால் அதைப் பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் கண்ணாடி. பக்கவாட்டில் கண்ணாடி என்றால் தொலையட்டும். முன்பக்கமும் கண்ணாடி. காற்று நுழைய வேண்டிய வாசலை டெம்பர்டு கிளாஸால் அடைத்து, ஓரத்தில் விரல் போகாத சந்து ஒன்றை விட்டு, அதற்குப் பின்னால் மூன்று ஃபேன்களை நிறுத்தியிருக்கிறார்கள். அவை மூச்சுத் திணறுவதை நாம் வண்ண வண்ணமாகக் கண்டு களிக்கலாம். கேட்டால் மீன்தொட்டி மாடலாம். மீனுக்காவது காற்றுக்குழாய் விடுவார்கள்.

என் ப்ராசஸர் கோர் ஐ9-14900கே. முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும் என்று இன்டெல்லே எழுதி வைத்திருக்கிறது. மூன்று சீலிங் ஃபேன் ஓடுகிற மின்சாரம், தபால்தலையைவிடச் சின்னதான ஒரு சிலிக்கான் சில்லில் சூடாக மாறுகிறது. 100 டிகிரியைத் தொட்டால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே திரையின் வலது மூலையில் அந்த எண் நமக்கு எந்நேரமும் தெரிந்தாக வேண்டும். 43. 44. 43. எழுத வந்ததை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்போம். 46 என்றால் வயிற்றைக் கலக்கும்.

வெளிநாட்டு வீடியோக்காரர்கள் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து கூலர்களைச் சோதிக்கிறார்கள். எவ்வளவு பெரிய ஃபேனாக இருந்தாலும் அறையின் சூட்டுக்குக் கீழே எதையும் இறக்காது. தண்ணீர்க் கூலரும் ரேடியேட்டருக்குள் இழுப்பது அதே அறைக்காற்றைத்தான். 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரியைப் பார்த்த ஊர் இது. கத்திரியில் என் அறை 36. அவர்கள் கிளம்புகிற இடத்துக்கு 14 டிகிரி மேலே நான் கிளம்புகிறேன். அவர்கள் "சூப்பர்" என்று கட்டைவிரல் உயர்த்துகிற கூலர் இங்கே வந்து வியர்த்துக் கொட்டுகிறது.

ஆக, சொந்தக் கேபினெட். நாலு மூலைக்கும் அலுமினிய எல் ஆங்கிள், முன்னால் துளைத் தகடு, மேலே அக்ரிலிக். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எக்ஸாஸ்ட் பாக்ஸா சார்? மெஸ் வச்சிருக்கீங்களா?"

"கம்ப்யூட்டருக்குண்ணே."

"கம்ப்யூட்டர் வாங்கினா பெட்டி தரமாட்டாங்களா?"

"அதுல கண்ணாடி இருக்கும்ண்ணே."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. 120 மி.மீ. ஃபேனுக்குத் திருகாணித் துளைகளின் இடைவெளி 105 மி.மீ., சரி. 140-க்கு 124.5. அந்த அரை மில்லிமீட்டரை யார் கேட்டார்கள்? "நூத்தி இருபத்தஞ்சாப் போட்டுக்கறேன்" என்று அவர் பென்சிலை எடுக்க, நான் குறுக்கே விழுந்தேன். அக்ரிலிக்கைப் பையன் ஜிக்சாவில் முழு வேகத்தில் விட்டான். அது அறுபடாது, உருகும். பிளேடு தாண்டிப்போனதும் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு முழ நீளத்துக்கு அறுத்து முடித்துத் தட்டினால் பலகை முழுசாக நிற்கிறது, போன தடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும். மூக்கை எரிக்கிற இனிப்பு வாடை வேறு. பிறகு வேகத்தைக் குறைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறுத்தி நிறுத்தி அறுத்தான்.

ஃபேன் கடைசியில் கிடைத்தது பழைய சர்வர் சாமான் விற்கிற சந்தில். சாதா ஃபேன் 25 மி.மீ. தடிமன், இது 38. டேட்டா சென்டரில் யாரும் வானவில் பார்க்கப் போவதில்லை என்பதால் விளக்கு கிடையாது. அந்தச் சந்தில் யாரும் உபசரிப்பதில்லை, அதுவும் பிடித்திருந்தது. ஒரு சங்கதி: ஃபேனின் வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு மடங்கு, மின்சாரம் எட்டு மடங்கு, சத்தம் 15 டெசிபல் போல ஏறும். சுவிட்சைப் போட்டேன். காலண்டர் சுவரை விட்டு எழுந்தது. கீழ்வீட்டுப் பாட்டி மாடியேறி வந்து, "இந்நேரத்துல மாவு அரைக்கிறியாப்பா?" என்றார்.

கட்டுரை தட்டுகிற வேலைக்கு ஐ9 சூடாகுமா? ஆகாது. எனவே பிரைம்95-ஐ ஓட்டவேண்டியிருக்கிறது. பிரம்மாண்டமான பகா எண்களைத் தேடுவதற்காக 1996-ல் தொடங்கிய கூட்டு முயற்சியின் மென்பொருள் அது. 2024-ல் அவர்கள் கண்டுபிடித்த எண்ணில் 4 கோடிக்கும் மேல் இலக்கங்கள். நாம் அந்தப் புண்ணிய காரியத்துக்கா போகிறோம்? அதன் மெனுவில் சித்திரவதைச் சோதனை என்றே ஒன்று இருக்கிறது, அதை அமுக்குவோம். ப்ராசஸர் கொதிக்கும். கொதிப்பதை நம் ஃபேன்கள் தணிக்கும். நாம் மூலையில் இருக்கும் எண்ணைப் பார்ப்போம்.

மச்சான் வந்து பார்த்தார். "இதுக்கா மாப்ளே இவ்ளோ? சைடு கவரைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வச்சா முடிஞ்சுது." உங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். அது நன்றாகவே வேலை செய்கிறது என்பதும் தெரியும். அதனால்தான் அவரிடம் அரைமணி நேரம் காற்றழுத்தம் பற்றிப் பேசினேன். காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

இப்போது வேறு பிரச்சினை. கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 600 வாட். பெட்டி அந்தச் சூட்டைத் தின்றுவிடுவதில்லை, வெளியே தள்ளுகிறது. வெளியே என்றால் என் முழங்காலில். ஒன்றரை டன் ஏசி 5,000 வாட்டுக்கு மேல் சூட்டை அறையைவிட்டு விரட்டும், ஆனால் இருக்கிற ஒரே ஏசி மாமியார் அறையில். அங்கே கம்ப்யூட்டரை வைக்கிற பேச்சு விபூதிச் சம்பவத்தோடு முடிந்துபோனது. ஆறு அங்குலக் குழாய் ஒன்றைப் பெட்டியின் பின்னால் மாட்டி, சுவரில் ஓட்டை போட்டுத் தெருப்பக்கம் விடலாம். வாடகை வீடு, ஆணி அடிக்கக்கூட அக்ரிமெண்டில் தடை. ஹவுஸ் ஓனருக்கு போன் செய்து, ஜன்னலில் ஒரு கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா சார் என்று பணிவாகக் கேட்டேன். "பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்புவேன்ல, அப்பப் பார்க்கலாம்" என்றார். இந்த வீட்டுக்கு அவர் கடைசியாகப் பெயிண்ட் அடித்தது எந்த வருஷம் என்று கீழ்வீட்டுப் பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.