மசோதாவோடு வந்தவர்

கேள்வி: ஆட்சியில் இல்லாத கட்சியால் கூச்சல் போடுவதைத் தவிர என்ன செய்ய முடியும்?

பதில்: அரசையே வேலை வாங்க முடியும்! திருநர் உரிமைக்காகத் தி.மு.க.வின் திருச்சி சிவா மாநிலங்களவைக்குக் கோஷத்தோடு போகவில்லை, எழுதி முடித்த தனிநபர் மசோதாவோடு, அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவரும் மசோதாவோடு போனார். திரும்பப் பெறச் சொன்னார் அமைச்சர். சிவா அசையவில்லை. 2015 ஏப்ரல் 24 அன்று அவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளாக எந்தத் தனிநபர் மசோதாவுக்கும் கிடைக்காத பேறு! மக்களவையில் அது தேறவில்லைதான். ஆனால், 2014லேயே உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியிருந்த திருநர் உரிமையை அரசு இனியும் தட்டிக்கழிக்க முடியுமா? 2016இல் சொந்த மசோதா, 2019இல் சட்டம். சிவா தன் மசோதாவில் கேட்ட இடஒதுக்கீட்டை மட்டும் பாதி வழியிலேயே இறக்கிவிட்டார்கள். அதை ஏற்றும்வரை எதிர்க்கட்சிகள் ஓயக் கூடாது.