நீலம் சொல்லாதது

எழுபதுகளில் எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை பார்ப்பது கொல்லைப்புறத் திண்ணையில் நடக்கும். அப்பா சோதனைக் குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலம் மாறாவிட்டால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் அன்றைக்கு அம்மா சோற்றைக் குறைப்பார். இன்சுலின் போடும் கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்கவிட்டு எடுப்பது அண்ணன் பொறுப்பு.

அந்த நீலத்தை முழுக்க நம்ப முடியாது. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். 110 என்றாலும் நீலம், 45 என்றாலும் நீலம். ராத்திரியில் சர்க்கரை இறங்கி அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டி நாக்குக் குழறும். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கரைக்க ஓடுவார். அம்மா அயர்ந்து தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது அண்ணன் பேத்திக்குப் பத்து வயது. அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். மேல்கையில் நாணயம் அளவுக்கு ஒரு சென்சர். தோலுக்கடியில் மெல்லிய இழை. அதில் பூசிய நொதி சர்க்கரையோடு வினைபுரியும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளந்து, புளூடூத்தில் போனுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து இணையம் வழியாக ஓசூரில் வேலை பார்க்கும் அவள் அப்பாவுக்கும் போகிறது. 70க்குக் கீழே இறங்கினால் இரண்டு போனும் அலறும். "நான் எழுந்துக்க மாட்டேன் சின்னத் தாத்தா, அம்மாதான் எழுந்துப்பாங்க" என்கிறாள்.

அவள் அந்தக் கையை அழுத்திப் படுத்தால்தான் சிக்கல். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்வதால் தொடர்பு அறுந்துபோகும். அழுத்தத்தால் சென்சரே குறைத்தும் காட்டும். போதாக்குறைக்கு, அது பார்ப்பது ரத்தத்தை அல்ல, திசுநீரை. சில நிமிடம் பின்தங்கியே வரும். சந்தேகம் வந்தால் மருமகள் விரலில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் குளுக்கோஸ் கொடுப்பாள். அவள் அப்படிச் செய்வதுதான் சரி.

பெரியவர்களுக்கென்று 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எவர்சென்ஸ் என்ற சென்சர் முழுக்கத் தோலுக்கடியில் இருக்கிறது. உள்ளே பேட்டரி கிடையாது. மேலே ஒட்டிய டிரான்ஸ்மிட்டர்தான் கம்பியில்லாமல் அதற்கு மின்சாரம் தருகிறது. முதலில் 90 நாள் உழைத்தது. 2024இல் அனுமதி பெற்றது ஓராண்டு உழைக்கிறது.

பேத்தியின் சென்சருக்கு ஆயுள் 14 நாள். கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை வாங்க எங்களால் முடிகிறது. அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகத் தரும் சன்னலிலேயே இதையும் தர வேண்டும், முதலில் டைப் 1 குழந்தைகளுக்கு.