மேடேறு படலம்

மேட்டில் சைக்கிள் மிதித்தல் என்பது, அடிவாரத்திலேயே கிடக்க விரும்பும் எடையை அதன் விருப்பத்துக்கு மாறாக உச்சியில் கொண்டுசேர்க்கும் வினை. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையை எட்டு சதவீத ஏற்றம் என்பர். ஆளும் வண்டியுமாக 80 கிலோ இருந்தால், அதில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே சுமார் 175 வாட் வேண்டும். பழைய சீலிங் ஃபேன் இரண்டை ஓட்டிவிடலாம். மிதிப்பவருக்குத்தான் காற்று வராது.

எடைக் குறைப்பு ரேஸ் சைக்கிள்காரர்களின் முதற்கவலை. பன்னாட்டுப் பந்தயங்களில் வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. 80 கிலோவில் ஒரு கிலோ குறைந்தால் மிச்சமாவது நூற்றில் ஒன்றேகால் பங்கு. அதற்காகக் கடையில் பல ஆயிரம் ரூபாயை எண்ணிவைப்பவர், அடிவாரத்தில் இரண்டு தட்டுப் பொங்கலோடு வடையும் தின்று அந்தக் கிலோவில் பாதியை மீட்டுக்கொள்வது கண்கூடு.

கியரில் கருத்து வேறுபாடு இல்லை. மேடு வந்தபின் அன்று, வருமுன் மாற்ற வேண்டும். முழுப் பாரத்தோடு மாற்றினால் செயின் கடகடவென்று ஊருக்கே அறிவிக்கும். முன்னே 34 பல், பின்னே 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாய் துரத்தினால் போதாது. மற்றபடி கௌரவமான வேகமே.

பெரும் பூசல் அமர்வோர்க்கும் எழுவோர்க்கும் இடையேதான். சீட்டில் சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்து, ஹேண்டில்பாரின் மேற்பகுதியைத் தளர்வாகப் பிடித்து, ஒரே சீராக மிதிப்பதே சிக்கனம் என்பது ஒரு சாரார் கொள்கை. நின்று மிதித்தால் உடலெடையே பெடலை அழுத்துமே என்பர் மறு சாரார். அழுத்தும், ஆனால் அந்த உடலைத் தூக்கி நிறுத்துவதும் அதே கால்கள்தாம் என்பதால் மூச்சு விரைவில் வட்டி கேட்கும். எழுமுன் ஒரு கியர் கனமாக்கிக்கொள்வது இரு சாரார்க்கும் உடன்பாடு. பெடல் கீழிறங்கும் வேகத்தோடு சேர்ந்து எழ வேண்டும். சட்டென எழுந்தால் வண்டி ஒரு கணம் பின்வாங்கி, பின்னால் வருபவரின் முன் சக்கரத்தைத் தொடும். அதன்பின் விவாதம் கொள்கை பற்றியதாக இராது.

கொண்டை ஊசி வளைவில் உள்ளோரம் செங்குத்து, வெளியோரம் சாய்வு குறைவு. இடப்புறம் செல்லும் நாட்டில் வலப்பக்கம் திரும்பும் வளைவு ஏறுபவருக்கு இளைப்பாறுதல், இடப்பக்கம் திரும்புவது தண்டனை. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அவ்விதியை எதிரில் வரும் பேருந்தும் படித்திருப்பது உறுதியாகும்வரை ஓரம் போதல் உத்தமம்.

இனி, நூல்கள் கூசி விட்டுவிடும் இயல்: நிற்றல். மூச்சு வாங்க நிற்பவர் எவரும் மூச்சு வாங்க நிற்பதில்லை. டயரில் காற்றை அமுக்கிப் பார்ப்பார், செயினை உற்று நோக்குவார், பள்ளத்தாக்கைப் படமெடுப்பார். இவ்வகையில் ஏலகிரிச் சாலை பெரும் கொடை. அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ் இலக்கியம் சார்ந்த பெயர்கள் உண்டு. சமவெளியில் ஒரு செய்யுளையும் சீண்டாதவர் அங்கே பலகைக்குப் பலகை நின்று எழுத்தெழுத்தாகப் படிப்பார்.

கடைசி உத்தி இறங்கித் தள்ளுதல். இதை இழுக்கென்பார்க்கு வரலாறு துணையில்லை. 1910-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் பிரெனே மலைத்தொடரின் 2,115 மீட்டர் உயர டூர்மாலே கணவாயை முதன்முறையாகக் கடந்தது. கியர் மாற்றும் கருவி அப்பந்தயத்தில் 1937 வரை அனுமதிக்கப்படவில்லை. குஸ்தாவ் காரிகூ கால் ஊன்றாமல் ஏறி நூறு பிராங்க் பரிசு பெற்றார். சில இடங்களில் மிதித்தும் சில இடங்களில் தள்ளியும் ஏறிய ஒக்தாவ் லபீஸ், உச்சியை அவருக்கு முன்பே கடந்து, அன்றைய 326 கிலோமீட்டர் கட்டத்தையும் அவ்வாண்டின் பந்தயத்தையும் வென்றார்.