உமிக்கரியின் மறுபிறவி

ஒரு காலத்தில் உமிக்கரியால் பல் தேய்த்தவர்களைப் பார்த்து விளம்பரங்கள் சிரித்தன. வெள்ளைப் பற்பொடி டப்பா வீட்டுக்குள் வந்தது. இப்போது கரியே 'ஆக்டிவேட்டட் சார்கோல்' என்று பெயர் மாற்றிக்கொண்டு கறுப்பு டியூபில் திரும்பியிருக்கிறது. விலை மட்டும் பழையதல்ல.

கரி மேல்கறையைச் சுரண்டும். விடாமல் தேய்த்தால் எனாமலையும் சேர்த்தே சுரண்டும். எனாமல் தேயத் தேய வெளியே தெரிவது அடியிலுள்ள டென்டின். அதன் இயற்கை நிறமே மஞ்சள். வெண்மைக்குக் காசு கொடுத்து மஞ்சளை வாங்கி வரும் வியாபாரம் இது.

பல் மருத்துவர் பூசுவது வேறு சரக்கு: ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு. அது எனாமலுக்குள் ஊடுருவி, நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கும். டீ, காபிக் கறைக்கு நன்றாகவே பலிக்கும். சிறுவயதில் விழுங்கிய டெட்ராசைக்ளின் மருந்து விட்டுப்போன சாம்பல் நிறம் லேசில் மசியாது. கேப் போட்ட பல்லோ வெளுக்கவே வெளுக்காது. பக்கத்துப் பற்கள் பளிச்சென்றான பிறகு அது மட்டும் போன வருஷத்துக் காலண்டர் போலத் தனித்து நிற்கும். சில நாள் ஐஸ்கிரீமைக் கண்டாலே கூச்சம் வேறு. சொத்தையும் ஈறு நோயும் இருந்தால் முதல் செலவு அவற்றுக்குத்தான்.

பண்டைய ரோமக் கவிஞர் கட்டுல்லஸ், சிறுநீரில் பல் விளக்கிப் பளபளவென்று சிரிப்பதாக எக்னேஷியஸ் என்பவரைக் கிண்டலடித்தார். அந்தச் சரக்குக்கு இன்னும் டியூப் வரவில்லை.