உப்பு, புகையிலை, ராஜா மொத்த வியாபாரம்

எஃபுன்ரோயே தினுபு தன் கடை வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருந்தால் எழுத இடம் போதாமல் திண்டாடியிருப்பார். உப்பு, புகையிலை, பாமாயில், பருத்தி, துப்பாக்கி, வெடிமருந்து. கீழே பொடி எழுத்தில், மனிதர்கள். அதற்கும் கீழே, எழுதாமலே ஊருக்கெல்லாம் தெரிந்த இன்னொரு சரக்கு: ராஜாக்கள். மற்ற சரக்குகளில் எப்போதாவது நஷ்டம் வந்ததுண்டு. ராஜா வியாபாரத்தில் அம்மாள் கடைசிவரை கையைச் சுட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு முறை தவிர. அதற்கு வருவோம்.

பிறந்தது 1810 வாக்கில், இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில், யோருபா மக்களில் எக்பா பிரிவில். அந்தப் பக்கம் கணவன் காசு வேறு, மனைவி காசு வேறு. சந்தை பெண்களுடையது. ஆண்கள் போருக்குப் போவார்கள். போகாத நாட்களில் போன கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 1820-களில் கதைக்குப் பஞ்சமே இல்லை. எக்பா ஊர்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. தப்பியவர்கள் 1830 வாக்கில் ஒரு பெரிய பாறையின் கீழ் ஒதுங்கி ஊர் கட்டினார்கள். பெயர் அபெயோகுட்டா. 'பாறைக்கு அடியில்' என்று பொருள். பெயர் சூட்டும் கமிட்டி எதுவும் போட்டதாகத் தெரியவில்லை. தப்பாதவர்கள் கடற்கரைக்கு நடத்திச் செல்லப்பட்டு விற்கப்பட்டார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பின்னால் தொப்பி போட்டுக்கொண்டு திரும்பி வரப்போகிறது.

முதல் கணவர் இரண்டு மகன்களைக் கொடுத்துவிட்டு இறந்துபோனார். அந்தச் சமயத்தில் அபெயோகுட்டாவுக்கு ஒரு வேலையில்லாத ராஜா வந்து சேர்ந்தார். பெயர் அடேலே. லாகோஸ் தீவின் ஒபாவாக, அதாவது அரசராக, இருந்தவர். அண்ணன் துரத்திவிட்டதில் படாக்ரி என்ற துறைமுகத்தில் குடியிருந்தார். வேலை போன ராஜாவைக் கட்டிக்கொள்ள யார் முன்வருவார்கள்? தினுபு அம்மாள் முன்வந்தார். விலை விழுந்திருக்கும்போது வாங்கிப்போடுவது என்றால் இதுதான். கல்யாணம் 1833 வாக்கில்.

அதே 1833-ல் லண்டன் பாராளுமன்றம் தன் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. இரண்டு கோடி பவுன் நஷ்டஈடும் ஒதுக்கியது. முதுகு தேய உழைத்தவர்களுக்கு அல்ல. அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அம்மாளின் நாணயத்தைப் பற்றி இனி நாம் பேசப்போவதால், எதிர்க்கட்சியின் நாணயத்தையும் முதலிலேயே சொல்லிவைத்தேன்.

படாக்ரி போனதும் இரண்டு மகன்களும் மலேரியாவில் இறந்தார்கள். அதன் பிறகு அவருக்குக் குழந்தை இல்லை.

வியாபாரம் தொடங்கியது. புகையிலை பிரேசிலின் பாஹியாவிலிருந்து வரும். முதல் தரம் லிஸ்பனுக்குப் போய்விடும். மூன்றாம் தரத்தை வெல்லப்பாகில் முக்கிச் சுருட்டி ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்புவார்கள். கழிவு என்று தள்ளிவிட்ட அந்தச் சரக்குக்கு இங்கே ஏக மவுசு. உள்நாட்டில் உப்பு கிடைக்காது, கடற்கரையில் கிடைக்கும். ஆகவே உப்பும் புகையிலையும் உள்ளே போயின. உள்ளிருந்து மனிதர்கள் வந்தார்கள்.

பணம் என்பது சோழி. மாலத்தீவுக் கடலில் அள்ளி, பாதி உலகம் சுற்றிக் கப்பலில் வந்த அதே வெள்ளைச் சோழி. நாற்பது சோழி ஒரு சரம், ஐம்பது சரம் ஒரு 'தலை', பத்துத் தலை ஒரு மூட்டை. ஆக ஒரு மூட்டைக்கு 20,000. யோருபாக்காரர்கள் நம் பல்லாங்குழிக்குப் பங்காளியான 'அயோ' ஆடுகிறவர்கள். விரல்நுனியில் கணக்கு ஓடும். கொஞ்சம் பெரிய கொள்முதல் என்றால் பர்ஸ் எடுத்துப் பயனில்லை, ஆள்படை வேண்டும். அம்மாளிடம் ஆள்படை இருந்தது.

1835-ல் அடேலே மறுபடி லாகோஸ் சிம்மாசனத்தில் ஏறினார். முதலீடு இரண்டே வருஷத்தில் பலன் தந்தது. இன்னும் இரண்டு வருஷத்தில் மனிதர் போய்ச் சேர்ந்தார். அடுத்து யார் என்பதில் தகராறு. நியாயமாகப் பார்த்தால் கொசோக்கோ என்ற இளவரசருக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் செல்வாக்கு எலெத்து ஒடிபோ என்ற பெரிய தலைவரிடம் இருந்தது. அவருக்குப் பேசி வைத்திருந்த பெண்ணைக் கொசோக்கோ கல்யாணம் செய்துகொண்டு போயிருந்தார். தேர்தல் கமிஷனரின் நிச்சயதார்த்தத்தில் கை வைத்தவருக்கு சீட் கிடைக்குமா? அடேலேயின் மகன் ஒலுவோலே ராஜாவானார். அம்மாள் ராஜமாதா போல உட்கார்ந்து வெற்றிலை மென்றிருக்கலாம். மாறாக, ஒலுவோலேயின் படைத்தலைவர் யேசுஃபு படாவைக் கல்யாணம் செய்துகொண்டார். சிம்மாசனம் மாறினாலும் படை மாறாது என்ற கணக்கு. புதுத் தம்பதியர் சேர்ந்து அபெயோகுட்டாவுக்குப் போய்வந்தார்கள். சொந்த ஊர் பார்க்க அல்ல. அடிமைகள் பிடிக்க.

1841-ல் அரண்மனை வெடிமருந்துக் கிடங்கில் இடி விழுந்தது. ஒலுவோலே எந்தத் துண்டில் இருக்கிறார் என்பதை அவர் அணிந்திருந்த அரச மணிகளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம். அடுத்த ராஜா அகிடோயே. அடேலேயின் தம்பி, அதாவது அம்மாளின் பழைய கொழுந்தனார். வியாபாரச் சலுகைகளுக்குக் கேட்கவா வேண்டும்?

அகிடோயேயிடம் ஒரு பெரிய கெட்ட குணம், நல்ல மனசு. நாடு கடந்து கிடந்த கொசோக்கோவை, தலைவர்கள் வேண்டாம் என்று சொல்லியும், சமாதானமாக இருப்போம் என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டார். 1845-ல் கொசோக்கோ அவரை விரட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடியும் படாக்ரி. துரத்தப்பட்ட ராஜாவும் தினுபு அம்மாளும் அங்கே இரண்டாவது முறையாகக் கடை விரித்தார்கள். அவருக்கு அந்த ஊர் பஸ் ஸ்டாண்ட் மாதிரி. எந்த ராஜாவோடு கிளம்பினாலும் அங்கே இறங்கி மாறித்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில் கதைக்குள் வெள்ளைக்காரர் வருகிறார். லிவர்பூல் வியாபாரிகளுக்கு இப்போது மனிதர்கள் வேண்டாம், பாமாயில் வேண்டும். சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் மில் யந்திரங்களுக்கும் எண்ணெய் தேவைப்பட்டது. நாம் ரேஷன் கடையில் க்யூவில் நின்று வாங்கும் அதே பாமாயில்தான். சுத்திகரிப்பதற்கு முன் செக்கச்செவேல் என்று இருக்கும். கொசோக்கோவோ பழைய வியாபாரத்தை விடுவதாக இல்லை. படாக்ரியிலிருந்து அகிடோயே ஆங்கிலேயருக்குத் தூது அனுப்பினார்: என்னை மறுபடி உட்கார வையுங்கள், அடிமை வியாபாரத்தை ஒழித்துவிடுகிறேன். இப்படி வாக்குக் கொடுத்தவரின் முக்கிய புரவலர் யார் என்று தூதை வாங்கியவர்கள் விசாரித்திருந்தால் சிரித்திருப்பார்கள். விசாரிக்கவில்லை. 1851 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிரிட்டிஷ் கப்பல்கள் லாகோஸ் மீது பீரங்கி முழக்கின. அந்தச் சத்தத்தையே பெயராக்கி ஊர்க்காரர்கள் 'அகிதிங்பி' போர் என்றார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், குண்டு விழுவது கேட்கும். கொசோக்கோ ஓடினார். 1852 ஜனவரி 1 அன்று, அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் அகிடோயே கையெழுத்திட்டார்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்மாள் கையெழுத்திடவில்லையே. பிரேசில்காரர்களோடு அவருடைய பழைய தொழில் ரகசியமாகத் தொடர்ந்தது என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. ஒரு பேரத்தில் விலை படியாதபோது, குறைத்து விற்பதைவிட அத்தனை அடிமைகளையும் தண்ணீரில் மூழ்கடிப்பேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. இந்தக் கதையை என்னால் தமாஷாகச் சொல்ல முடியவில்லை. முயன்றேன், வரவில்லை. அவரை வீராங்கனையாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வேகமாகப் பக்கம் திருப்புகிறார்கள்.

இன்னொன்றையும் திருப்பிவிடுகிறார்கள். அடிமை ஏற்றுமதி நின்றால் அடிமைத்தனம் நின்றுவிடும் என்று லண்டனில் நம்பினார்கள். நடந்தது வேறு. பனங்குலை வெட்ட, எண்ணெய் பிழிய, தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுவர ஆள் வேண்டுமே? கப்பலேறியிருக்க வேண்டியவர்கள் உள்நாட்டிலேயே அடிமைகளாக உழைத்தார்கள். அம்மாளின் தோட்டங்களிலும் அப்படித்தான். அந்த எண்ணெயில் செய்த சோப்பில் லண்டன் கனவான்கள் கை கழுவினார்கள்.

1853-ல் பெஞ்சமின் காம்ப்பெல் என்ற துரை கான்சலாக வந்து சேர்ந்தார். அதே வருஷம் அகிடோயே இறந்தார், மகன் தோசுன்மு ராஜாவானார். இந்த நியமனத்தில் காம்ப்பெல் கையும் இருந்தது, அம்மாள் கையும் இருந்தது. ஒரே மாப்பிள்ளைக்கு இரண்டு மாமியார் மாதிரி ஆயிற்று தோசுன்முவின் நிலைமை. காலையில் துரை வந்து ஒன்று சொல்வார், இரவில் அம்மாள் வந்து வேறொன்று சொல்வார். தோசுன்மு இருவருக்கும் தலையாட்டினார்.

அப்போதுதான் தொப்பிகள் வந்தன. எக்பா போர்களில் பிடிபட்டு விற்கப்பட்டவர்களில் பலரை பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலில் மீட்டு சியரா லியோனில் இறக்கிவிட்டிருந்தது. அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கோட்டு, தொப்பி, பைபிள், ஆங்கிலம், கணக்குப் புத்தகம் சகிதமாகத் திரும்பினார்கள். ஊரில் 'சாரோ' என்பார்கள். பிரேசிலிலிருந்தும் விடுதலை பெற்ற கூட்டம் ஒன்று வந்தது. வந்தவர்கள் கான்சலின் நிழலில் வியாபாரம் தொடங்கினார்கள். விற்ற சரக்கு எதிர்வரிசையில் போட்டிக் கடை திறந்து நான் பார்த்ததில்லை, அம்மாள் பார்த்தார். பொறுக்கவில்லை. இவர்களை வெளியேற்று என்று தோசுன்முவை முடுக்கினார். வெள்ளை வியாபாரிகளுக்கோ அம்மாள் தர வேண்டிய கடன் பாக்கி மலையாக நின்றது. தேசபக்தியும் கடன் பாக்கியும் இப்படி ஒரே திசையில் இழுப்பது வியாபாரத்தில் அபூர்வம்; கிடைத்தால் விடக்கூடாது.

விடவில்லை. ஆனால் 1856 மே மாதம் காம்ப்பெல் ஜெயித்தார். துரை கொடுத்த நெருக்கடியில், ராஜாவே அம்மாளை நாடு கடத்தினார். தான் உட்கார வைத்த ராஜாவின் வாயாலேயே வெளியே போகச் சொல்லிக் கேட்டதுதான் நான் முதலில் சொன்ன அந்த ஒரு முறை. கடன் கொடுத்தவர்கள் கூத்தாடியிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். நூறு கிலோமீட்டர் தள்ளி, துரைத்தனத்தின் கை எட்டாத ஊருக்குப் போய்விட்டவரிடம் யார் போய் வசூலிப்பது?

தோசுன்மு பெற்ற பலனையும் சொல்லிவிடுகிறேன். 1861 ஆகஸ்டில் 'புரோமிதியஸ்' என்ற போர்க்கப்பல் பீரங்கியைத் திருப்பிக்கொண்டு நின்றது. அதன் முன்னால் லாகோஸையே எழுதிக்கொடுத்தார். பதிலுக்கு வருஷத்துக்கு 1,200 மூட்டை சோழி பென்ஷன். இரண்டு கோடியே நாற்பது லட்சம் சோழி என்றால் கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஜெர்மன் கம்பெனிகள் ஜான்சிபாரிலிருந்து கப்பல் கப்பலாகச் சோழியைக் கொண்டுவந்து கொட்டியதில் சோழியின் மதிப்பு அப்போதே சரிந்துகொண்டிருந்தது.

அபெயோகுட்டாவில் அம்மாள் சும்மா இருக்கவில்லை. பாமாயில், பருத்தி, கூடவே ஆயுத வியாபாரம். பக்கத்து தகோமே நாட்டுக்கு அபெயோகுட்டா மீது தீராத கண். அந்தப் படையின் முன்வரிசையில் பெண் வீரர்கள். ஐரோப்பியர்களே பார்த்து மிரண்ட பட்டாளம். 1864 மார்ச்சில் அவர்கள் மதிலை ஏற வந்தார்கள். மதிலுக்கு உள்ளே துப்பாக்கியும் மருந்தும் கொடுத்தது தினுபு அம்மாள். வெளியேயும் பெண், உள்ளேயும் பெண். இரண்டு பக்கத்து ஆண்களும் பிற்பாடு வீரக்கதை சொல்லிக்கொள்ள இருந்தார்கள். அபெயோகுட்டா தப்பியது. நன்றியோடு ஊர் அவருக்கு எக்பா நாடு முழுமைக்குமான 'இயாலோடே' பட்டம் கொடுத்தது. பெண்கள் சார்பில் அரசவையில் உட்காரும் தலைவி. துப்பாக்கிக்கான பில் என்னாயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

பட்டம் வந்த பிறகாவது ராஜா வியாபாரத்தை விட்டாரா? 1879-ல் அபெயோகுட்டா சிம்மாசனத்துக்கு இரண்டு இளவரசர்கள் மோதினார்கள். ஒலுவாஜி ஒரு பக்கம், ஒயேகான் ஒரு பக்கம். எழுபதை நெருங்கிய அம்மாள் ஒயேகான் பக்கம் நின்றார். ஒயேகான் ராஜாவானார்.

1887-ல் அபெயோகுட்டாவில் இறந்தார். வாரிசு இல்லை. லாகோஸ் தீவில் அவர் பெயர் கொண்ட ஒரு மைதானம் மட்டும் இருந்தது. 1960-ல் சுதந்திரம் வந்தபோது அதற்கு 'சுதந்திர சதுக்கம்' என்று பெயர் மாற்றினார்கள். அங்கே வாழும் லெபனான்காரர்கள் நீரூற்று கட்டிக்கொடுத்தார்கள். பிறகு யோசித்து, பழைய பெயருக்கே திரும்பினார்கள். இப்போது அங்கே அவர் சிலையும் நிற்கிறது. கடன் கொடுத்த கம்பெனிகள் எதற்கும் அங்கே சிலை இல்லை. நைஜீரியாவின் மத்திய வங்கி அபுஜாவுக்குக் குடிபோகும்வரை அதன் தலைமையக முகவரி: தினுபு சதுக்கம், லாகோஸ்.