ட்யூனர் மறுமணம்: ஓர் ஆய்வு

ட்யூனர் தானே இருவகைப் படுமே
புதியதும் பழையதும் எனப்பெயர் பெறுமே;
பழையது பிறிதொரு வண்டியை மணந்ததேல்
விடுதலை பெற்றபின் கொள்வது கடனே.

நூற்பாவை இயற்றியவன் நானே. உரை எழுதுகிறவனும் நானே என்பதால் பாடபேதச் சண்டைக்கு இடமில்லை. களம் டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன் மாநகரம். ஆய்வுப் பொருள், என் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் 2014 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப். ஆய்வுக்கு நிதி நல்கியது என் கிரெடிட் கார்டு.

ட்யூனர் என்பது யாதோ எனின், உள்ளங்கையில் அடங்குவது. ஒரு திரையும் நாலைந்து பொத்தான்களும் நீண்ட வாலும் உடையது. வாலின் நுனியை ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் இருக்கும் 16 முனைத் துளைப்பெட்டியில் செருக வேண்டும். 1996 மாடல் தொடங்கி அமெரிக்காவில் விற்கிற கார்களுக்கும் சிறு லாரிகளுக்கும் இந்த ஓ.பி.டி. 2 துளை கட்டாயம். வண்டியின் நோயை அறிய வைத்த துளை அது. அதே வழியாக மருந்தையும் ஏற்றலாம் என்று கண்டுகொண்டவர்கள் ட்யூனர்காரர்கள். எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும் என்றெல்லாம் கம்பெனி எழுதிவைத்த அட்டவணைகள் எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ட்யூனர் அவற்றை நகலெடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, தான் கொண்டுவந்த அட்டவணையை அந்த இடத்தில் எழுதிவிடும்.

அப்படியானால் கம்பெனிக்காரன் முழுப் பலத்தையும் முதலிலேயே கொடுத்திருக்கலாமே என்பது எதிர்வாதம். கம்பெனி செய்வது பந்திச் சமையல். அரிசோனா வெயிலில் டிரெய்லர் இழுப்பவன், ஆயில் மாற்ற மறந்தவன், கிடைத்த பங்கில் 87 ஆக்டேன் ஊற்றுபவன் என்று எல்லா இலைக்கும் ஒரே சாம்பார். காரம் குறைவாகத்தான் இருக்கும். (இங்கே 87 என்று எழுதியிருப்பதும் நம் ஊர் அளவு முறையில் 91 என்பதும் ஏறக்குறைய ஒரே பெட்ரோல்தான். அளக்கிற முறை வேறு. இது தெரியாமல் முதல் வருடம் முழுக்க அமெரிக்கப் பெட்ரோலை ஏளனம் செய்துகொண்டிருந்தேன்.) நான் 93 ஊற்றுகிறேன், எனக்குத் தனியாகத் தாளித்துக் கொடு என்று கேட்பதுதான் ட்யூனிங். இதிலும் இரண்டு வகை. பெட்டியிலேயே அடைத்து வருவது ரெடிமேட் சட்டை. வண்டியை ஓட்டிப் பதிவெடுத்து, அந்தப் பதிவை ட்யூன் எழுதுகிறவருக்கு அனுப்பி, அவர் திருத்தித் திருப்பி அனுப்புவது தையல்காரரிடம் அளவு கொடுப்பது.

இனி நூற்பாவின் மூன்றாம் அடி. மணம் என்றது உவமை என்று எண்ண வேண்டாம். அந்தத் தொழிலில் இருப்பவர்களே ‘மேரீட்’, ‘அன்மேரீட்’ என்றுதான் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட கையடக்க ட்யூனர் ஒரு வண்டிக்குள் எழுதிய நிமிடமே அந்த வண்டியின் வின் எண்ணைத் தன்னில் பொறித்துக்கொள்கிறது. வின் என்பது வண்டியின் ஜாதகம். 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பும் என்பதால் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. பொறித்த பிறகு ட்யூனர் வேறு வண்டியைத் தொடாது. முதல் வண்டிக்கே போய், வயிற்றில் இருக்கும் பழைய அட்டவணையைத் திருப்பி எழுதி, ‘ஸ்டாக்’ நிலைக்குக் கொண்டுவந்த பின்பே விடுதலை. ஒரு பெட்டியை வாங்கித் தெருவே பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கம்பெனிகள் கட்டிய தாலி இது.

ஆகவே சந்தைக்கு வருகிற பழைய ட்யூனர்களில் முறைப்படி விடுபட்டது ஒன்று, விடுபடாமலே விற்பனைக்கு வந்தது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு என்பதை நான் 140 டாலர் கொடுத்துக் கண்டுபிடித்தேன்.

புதியது 400 டாலருக்கு மேல் விலை சொன்ன காலத்தில், ஒரு மளிகைக் கடையின் பார்க்கிங்கில் ஒருவர் எனக்கு அதைக் கைமாற்றினார். நல்ல மனிதர். பெட்டி, வயர், கையேடு எல்லாம் இருந்தன. திரையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவர் உரிக்கவில்லை. வேலை செய்யுமா என்று கேட்டேன். கடைசியாகச் செருகியபோது அருமையாக வேலை செய்தது என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வீட்டுக்கு வந்து செருகினேன். திரை விழித்தது, என் வண்டியின் ஜாதகத்தைப் படித்தது, ஐந்து நொடி யோசித்தது, பிறகு தான் வேறொரு வண்டிக்கு உரியவள் என்று அறிவித்துவிட்டு அணைந்தது. அவருக்குப் போன் செய்தேன். அந்த வண்டியைக் கொண்டுவந்து ஒரு பத்து நிமிடம் செருகினால் போதும் என்றேன். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வெள்ளத்தில் வண்டி ஜன்னல்வரை மூழ்கிவிட்டது, இன்சூரன்ஸ்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள், மேசை டிராயரில் இருந்த இது மட்டும் தப்பித்தது என்றார்.

விடுதலை கொடுக்க வேண்டிய துணை உலகத்திலேயே இல்லாத ட்யூனர். இந்த மூன்றாம் வகைக்கு இலக்கணம் எழுதிய முன்னோர் எவரும் என் கண்ணில் படவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு பூட்டைத் திறந்துவிடும் கம்பெனிகள் உண்டு. முடியவே முடியாது என்று கைவிரிப்பவையும் உண்டு. நான் வாங்கிய பெட்டியின் கம்பெனி இரண்டாம் ஜாதி.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய டீசல் ட்யூனர் மலிவாகக் கிடைத்தால் அதற்குள் ‘டிலீட்’ கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புகை வடிகட்டியைக் கழற்றி எறிந்த பிறகும் எஞ்சினை ஓடவைக்கிற கோப்பு அது. அதை விற்பதும் ஏற்றுவதும் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம். இப்படி மாற்றிய டீசல் பிக்கப்புகள் பத்தாண்டுகளில் 5,50,000-க்கு மேல் என்றும், அவை கூடுதலாகக் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு, சாலையில் 90 லட்சம் ஒழுங்கான வண்டிகளைப் புதிதாக இறக்கியதற்குச் சமம் என்றும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் கணக்குச் சொன்னது. இதில் நகைச்சுவை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் புதியதே வாங்கினேன். பயன் என்ன என்று அளக்க வேண்டும். டைனமோமீட்டர் உருளையில் ஏற்றிச் சக்கரத்தின் பலத்தை அளப்பது முறையான வழி. அதற்குக் காசு செலவாகும். பெரும்பாலான பிக்கப்காரர்கள் நம்புகிற கருவி வேறு. இருக்கையில் அமர்ந்திருக்கும் அவரவர் பிட்டம். அமெரிக்கர்களே அதைக் கூச்சமில்லாமல் ‘பட் டைனோ’ என்கிறார்கள். பணம் கட்டியவனின் பிட்டம் எப்போதும் கூடுதலாகவே காட்டும் என்பதால் நான் அதை நிராகரித்து, சாம்பார் அளவையைக் கைக்கொண்டேன்.

ஹூஸ்டனை அடுத்த பேர்லாண்ட் மீனாட்சி கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டிய அண்டா பின் இருக்கையில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. சாம்பார் கழுத்துக்கு நாலு விரல் கீழே. போன மாதம் இதே பாதை, இதே அண்டா, ட்யூன் போடாத வண்டி. ஒரு சொட்டு சிந்தவில்லை. இம்முறை தெருமுனை ஸ்டாப் பலகையிலிருந்து வழக்கம்போலக் காலை வைத்தேன். பின்னாலிருந்து ‘தளக்’.

“எப்படி? இழுவை தெரியுதா?” என்றேன்.

“இழுவை தெரியலைங்க. சாம்பார் வாசனை தெரியுது” என்றாள் மனைவி. பிறகு திரும்பிப் பார்த்து, “நானூறு டாலருக்கு மூடியை இறுக்கமா ஒண்ணு வாங்கியிருக்கலாம்” என்றாள்.

இந்த அவதானிப்பு ஆய்வுலகம் கவனிக்கத்தக்கது. சிந்தியது புதிய பலத்தால் அன்று. பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் இடையே வயர் மட்டும் இருக்கிற வண்டிகளில், கால் பங்கு பெடல் அழுத்தினால் அரைப் பங்கு கதவைத் திற என்று எழுதிவிடலாம். கடைசி எல்லை மாறுவதில்லை, தொடக்கம் மட்டும் துள்ளும். டர்போ இல்லாத என் 5 லிட்டர் எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன கணக்கு 360 குதிரை. வெறும் அட்டவணை மாற்றத்தால் அதில் சேர்வது கொஞ்சம். ஈகோபூஸ்ட் மாதிரி டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே காற்றின் அழுத்தத்தையே கூட்டலாம், கூட்டினால் நிஜமாகவே தெரியும்.

ஆனால் ட்யூனருக்கு மானமுள்ள ஒரு காரணம் உண்டு. 32 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் மாட்டினவனுக்கு ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். முள் 60 மைல் காட்டும்போது வண்டி ஏறக்குறைய 66-ல் போய்க்கொண்டிருக்கும். ட்யூனரில் டயர் அளவைத் தட்டிவிட்டால் கணக்கு நேராகும். போலீஸ்காரரிடம் கட்டுகிற அபராதத்தை விட இது மலிவு.

இன்னொரு பாடம் பரிசோதனை நிலையத்தில். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் வருடாந்தரப் புகைச் சோதனை உண்டு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க, முதல்நாள் இரவே வண்டியை ஸ்டாக் நிலைக்குத் திருப்பிவிட்டுக் காலையில் போய் நின்றேன். தோல்வி. மறுபடி எழுதியதும் கம்ப்யூட்டர் தன் சுயபரிசோதனைகளை எல்லாம் மறந்து முதலிலிருந்து தொடங்கியிருந்தது. தயார் இல்லை என்று அதுவே சொல்லிவிட்டது. நாலு நாள் சும்மா ஊரைச் சுற்றிவிட்டுத்தான் திரும்பப் போக முடிந்தது. எழுதும்போது பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதும் இங்கேயே சொல்லவேண்டியது. பாதியில் மின்சாரம் போனால் கம்ப்யூட்டர் செங்கல்லாகிவிடும்.

முடிபு: பழையது வாங்குகிறவர்களே, விற்பவரை அவர் வண்டியோடு வரச்சொல்லுங்கள். கண்ணெதிரே செருகி, ஸ்டாக் நிலைக்குத் திருப்பி, ‘அன்மேரீட்’ என்று திரையில் வந்த பிறகு காசை எண்ணுங்கள். வண்டி இல்லை என்று சொல்பவரிடம் அனுதாபம் தெரிவித்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து வேறு மாநிலத்தில் விற்றுவிடுவது அமெரிக்காவில் நடப்பதுதான். 2012 மாடல், வெள்ளை எஃப்-150, கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் வண்டல் வாசனை. அப்படி ஒன்றை உங்களில் எவரேனும் ஓட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். எந்த மாநிலமானாலும் நானே வருகிறேன். பத்து நிமிட வேலைதான்.